முகத்துவாரம் நகர்ந்த வருஷம்

நான் கடற்கரையில் பிறந்தவள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, ஒரு சிற்றாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தின் வடகரையில் எங்கள் வீடும் சிறு தென்னந்தோப்பும் இருந்தன. காட்டிலாகாக் காவலர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கொல்லிமலைக்கு வந்தேன். அப்போது மேலே வர ரோடு கிடையாது. புளியஞ்சோலையிலிருந்து கல்லும் வேருமான தடத்தில் ஏறித்தான் வர வேண்டும்.

ஒரு தை மாதம் என் தம்பி அந்தத் தடத்தில் தனியாக ஏறி வந்தான். கார்த்திகைப் புயலில் வீடு போய்விட்டது என்றான். கூரை போயிற்றா, சுவர் விழுந்ததா என்று கேட்டேன்.

"கூரை போனா வேஞ்சுக்கலாமேக்கா. வீடு இருந்த எடமே இல்ல. அங்க இப்ப ஆறு ஓடுது."

எனக்கு விளங்கவில்லை. ஆறு எங்கள் தோப்பைத் தாண்டி, தெற்கே தள்ளி அல்லவா ஓடியது? அவன் பொறுமையாகச் சொன்னான். அலை தெற்கேயிருந்து மணலைக் கொண்டுவந்து தென்கரையில் சேர்த்துக்கொண்டே இருந்ததாம். அந்த மணல்திட்டு நீள நீள, ஆறு கடலுக்குப் போக வழியில்லாமல் வடக்கே ஒதுங்கி எங்கள் கரையை அரித்ததாம். புயலன்று வெள்ளமும் கடலும் சேர்ந்து மிச்சத்தையும் கொண்டுபோய்விட்டன. அம்மா சித்தி வீட்டில் இருந்தாள். யார் கூப்பிட்டாலும் கரையை விட்டு வரமாட்டேன் என்கிறாளாம்.

நான் அவனோடு கிளம்பினேன். மலையிலேயே குண்டனி நாட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, எங்கள் வீட்டை ஒட்டிய காட்டில் சாமையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்தவள் என் பசுவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கடலைப் பார்த்தே இராதவள் அவள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, அத்தன மண்ணும் எங்கீங்க போயிருக்கும்?" என்றாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

ஊருக்குள் நுழைந்து பழக்கப்பட்ட வழியில்தான் நடந்தேன். தோப்பு வருமுன்பே தண்ணீர் வந்துவிட்டது. வழி தப்பிவிட்டேன் என்று திரும்பப் போனேன். தம்பி கையைப் பிடித்து நிறுத்தி, அலைக்கு நடுவே நின்ற ஒரு தூணைக் காட்டினான். அது தூண் இல்லை, எங்கள் கிணறு. சுற்றியிருந்த மண் கரைந்துபோய், சுட்டமண் உறைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. சின்ன வயதில் எட்டிக் குனிந்து பார்த்த கிணற்றை இப்போது அண்ணாந்து பார்த்தேன். அழுகை வரவில்லை.

சித்தி வீட்டிலிருந்து எங்களோடு கரைக்கு வந்த அம்மாவும் அழவில்லை. எதிர்க்கரையில் புதிதாக மேடிட்டிருந்த மணலைக் காட்டி, அது நம் மண்தான், அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். படகில் கடந்தோம். ஒருவர் அந்த மணலில் வலையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டு மண் இங்கே வந்திருப்பதாகச் சொன்னார்கள் என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை. எங்களுக்கு இடம் விடுவது போல வலையைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துப் போட்டார்.

அம்மா குனிந்து ஒரு கை மணலை அள்ளினாள். முகர்ந்தாள். விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குடி. இதுல நம்மது எதுன்னு எனக்குத் தெரியல."

அதன்பிறகு அவள் பிடிவாதம் விட்டுவிட்டது. என்னோடு மலைக்கு வந்தாள்.

மலையில் அவளுக்குத் திசை பிடிபடவே இல்லை. கடல் இருக்கிற பக்கம் கிழக்கு என்று வாழ்ந்தவள். கடல் எந்தப் பக்கம் என்று தினமும் கேட்பாள். என் வீட்டுக்காரர் புளியஞ்சோலைப் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்துக் காட்டுக்காரியோ முள்ளுக்குறிச்சிப் பக்கம் காட்டினாள். அவள் மலையிறங்கிப் போனதெல்லாம் அந்த வழிதான். அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

ஐப்பசி மழையில் அந்தப் பக்கத்துக் காட்டின் ஓரம் சரிந்தது. ஓடை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அம்மா அங்கேயே நனைந்துகொண்டு நின்று, இதெல்லாம் எங்கே போகிறது என்று காட்டுக்காரியிடம் கேட்டாள்.

"கீழ போவுதுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க, சாமி."

ஓடை ஆற்றில் சேரும், ஆறு காவிரியில், காவிரி கடலில் என்றார் என் வீட்டுக்காரர். அப்படியானால் நம்மூர்க் கரைக்கு வருமா என்றாள் அம்மா. வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் இழுத்தார். மழை விட்டதும் அம்மா அந்தப் பெண்ணோடு சேர்ந்து காட்டோரத்தில் மண் கரையாமல் கல் அடுக்கப் போனாள். நான் தடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு தை மாதம் தம்பி வேறு சேதியோடு வந்தான். உள்ளே தள்ளி வீடு கட்டிவிட்டானாம். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோய், ஆறு மறுபடி தெற்கே உடைத்துக்கொண்டதாம். தோப்பு இருந்த இடத்தில் மேடு தெரிகிறதாம், மாடுகூட மேய்கிறதாம்.

அங்கேயே கட்டியிருக்கலாமே என்றாள் அம்மா.

"அது எத்தன நாளைக்கு நிக்கும்னு நம்புறதும்மா?"

சந்தோஷப்பட வேண்டிய சேதியா என்று தெரியவில்லை.

தம்பியோடு போய்ப் பார்த்துவிட்டு, மாசி முடிவதற்குள் அம்மா மலைக்கே திரும்பிவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக நடக்க முடிந்தது, காலும் பதிந்தது, ஆனால் நின்றது பழைய வீட்டு வாசலிலா கொல்லையிலா என்றுதான் தெரியவில்லை என்றாள்.