ஸஹரில் மூன்று மாத்திரை

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள், எங்கள் லேப் டைப்பிஸ்ட் ஃபாத்திமா மெஷின் மீதே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். காலை பத்தரை மணிக்கு.

(பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னதே அவள்தான்.)

பசி மயக்கம் என்றார்கள். எனக்குச் சந்தேகம் — அவளுக்கு வலிப்பு உண்டு என்பது ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் அவள் வாப்பா, இன்னொரு தடவை வந்தால் வேலைக்கு முழுக்கு என்று சொல்லித்தான் டிராம்பேயில் இருக்கும் எங்கள் லேபுக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தார்.

மெல்ல விசாரித்தேன். வேளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை. நோன்பில் பகலில் தண்ணீர்கூடக் கூடாதே? அதனால் விடியுமுன் சாப்பிடும் ஸஹரிலேயே மூன்றையும் விழுங்கியிருக்கிறாள்.

"ஒரு நாள் சோத்தையே அப்ப உள்ள தள்ளுதோம். மூணு மாத்திரை தள்ளக் கூடாதாக்கா?"

நியாயமான கேள்விதான்... வயிற்றுக்கு. மூளைக்கு?

எலி மூளையில் நான் தினமும் பார்ப்பது இந்த விவகாரத்தைத்தான். சில செல்களுக்கு ஒரே வேலை, பக்கத்து செல்லை 'சும்மா இரு' என்று அடக்குவது. அதற்கான ரசாயனம் காபா. அடக்குகிற செல்லுக்குள் காபா கையிருப்பு குறைந்தால், எதிரே வாங்கிக்கொள்ளும் ரிசப்டர் எத்தனை நன்றாக இருந்து என்ன பயன்? பேசாதவரிடம் காது எதைக் கேட்கும்? அடக்க ஆளில்லாமல் செல்கள் ஒரேயடியாகக் கத்துவதுதான் வலிப்பு. ஃபாத்திமாவின் மாத்திரை அந்தக் கையிருப்பை உயர்த்துகிறது என்பது இப்போதைய கணிப்பு. (ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.) ஆனால் விழுங்கிய மருந்தின் அளவு உடம்பில் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். மொத்தமாகப் போட்டால் காலையில் தூக்கம், மாலையில் ஆபத்து.

நோயாளிக்குச் சலுகை உண்டே என்றேன். அவளுக்குத் தெரியாதா?

"எல்லாரும் நோன்பு இருக்கப்ப நான் மட்டும் தின்னா, சீக்காளின்னு மூணு வேளையும் சொல்லிக்காட்டுத மாதிரி இருக்குக்கா."

மாலையே செம்பூரில் அவள் டாக்டரிடம் போனோம். திட்டினார். பிறகு யோசித்தார். அளவை இரண்டாகப் பிரித்து, ஸஹரில் ஒரு பங்கு, மாலையில் நோன்பு திறந்ததும் ஒரு பங்கு. நிபந்தனைகள்: முதல் வாரம் நோன்பில்லாமல் பழக வேண்டும், தூக்கம் குறையக் கூடாது, உடம்பு தடுமாறினால் அன்றைக்கு நோன்பு கிடையாது.

சொன்னபடி கேட்டாள். ஒரு நாள் கை நடுங்கியது. தானே தண்ணீர் குடித்து நோன்பை விட்டாள். வலிப்பு வரவில்லை.

பெருநாள் முடிந்து, நானும் அவளும் சேர்ந்து ஏறும் பஸ் ஸ்டாப்புக்கு வாப்பாவே வந்தார். வேலையை நிறுத்தத்தானோ என்று பயந்தேன்.

"டாக்டர்ட்ட நானும் போய்க் கேட்டேம்மா. வேலைக்குப் போட்டும். பஸ்ல மட்டும் இவள ஜன்னலோரமா உக்கார வைங்க, விழுந்திராம."

ஜன்னலோரம் எனக்கும் பிடிக்கும்... கொடுத்துவிட்டேன்.