நாலு என்று எழுதிய இருவர்

போன வாரம் வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலில் ஒருவர் நின்றிருந்தார். விரல் நுனியெல்லாம் சாயம் – நெசவுத் தெருக்காரர் என்று தெரிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் பாதி மறைந்தபடி என் மூன்றாம் வகுப்பு மாணவி நாகம்மா.

"நாளையிலேர்ந்து பொண்ண அனுப்பலீங்க சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"பரீட்சைல கோட்ட வுட்டுட்டாளாமே."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

"இத்தினி நாளா நூல் கெடைக்காம தறி சும்மா கெடந்துச்சு. இப்பத்தான் கொஞ்சம் வருது. நூல் சுத்திக் குடுக்க வூட்ல ஒரு கை வேணும். மேல் கிளாஸ் போறவளா இருந்தா படிக்கட்டும்னு வுட்டிருப்பேன். அதே எடத்துல இன்னொரு வருசம் குந்திகினு இருக்கறதுக்கு எதுக்கு சார்?"

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். என் அப்பாவும் இப்படி ஒரு வாசலில் நின்று யோசித்திருப்பார்தானே?

நாகம்மா மற்ற பாடங்களிலெல்லாம் தேறியிருந்தாள். கணக்கில்தான் கொஞ்சம் குறைந்தது. ஒரே ஒரு கேள்வி சரியாக இருந்திருந்தால் பாஸ்!

அந்தக் கேள்வி என் சொந்தத் தயாரிப்பு. புத்தகத்தில் கொத்தனார், சுவர் என்று இருந்தது. பிள்ளைகளுக்குப் பழக்கமான சங்கதியாக இருக்கட்டுமே என்று தறியைக் கொண்டுவந்தேன். 'ஒரு தறியில் ஒரு புடவை நெய்ய நான்கு நாள் ஆகும். இரண்டு தறிகளில் அதே புடவையை நெய்ய எத்தனை நாள் ஆகும்?'

எழுதி முடித்தபோது எனக்கே ரொம்பப் பெருமை. நாங்கள் கனகம்மாசத்திரத்துப் பக்கம் ஏர் பிடிக்கிறவர்கள். தறியை நான் பார்த்ததெல்லாம் தெருவோடு போகும்போது ஜன்னல் வழியாகத்தான்.

விடை இரண்டு. நாகம்மா எழுதியது நாலு.

"ஏம்மா நாலுன்னு போட்ட?" என்று கேட்டேன்.

அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒளிந்தாள். "சொல்லு நாகு, சார் கேக்கறாருல்ல" என்றார் அப்பா.

"ஒரே பொடவைய ரெண்டு தறில எப்டி சார் நெய்யறது? கிழிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

"இத அப்பவே கேட்டிருக்கலாமே?"

"பரீட்சைல வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன்னீங்க சார்."

சொன்னேன்தான். எல்லா வாத்தியார்களும் சொல்வதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அப்பா என் கட்சியில் சேர்ந்துகொண்டார். "நெசவு வேற, பள்ளிக்கூடத்துக் கணக்கு வேற, நாகு. ரெண்டுன்னு எழுதிட்டுப் போறதுதானே? உனக்கு எதுக்கு வம்பு?"

பிரமோஷன் லிஸ்டு திங்கட்கிழமைதான், அதுவரைக்கும் அனுப்புங்கள் என்றேன்.

"ஆங், திங்கக்கெழம வரைக்கும்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். விடையைக் கேட்பதை விட்டுவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டேன். அதுவரை ஏன் கேட்கத் தோன்றவில்லை என்பது எனக்கே புதிராக இருக்கிறது.

முனுசாமியும் நாலுதான் போட்டிருந்தான். அடடா, இன்னொரு நாகம்மாவா!

"எப்படிடா நாலு?"

"கேள்வில அதான் சார் பெரிசா இருந்துச்சு."

நாகம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி சரோஜா. அவள் வீட்டிலும் தறி உண்டு. ஆனால் இரண்டு என்று எழுதி மார்க் வாங்கியவள்.

"உங்க வீட்ல ஒரு புடவைய ரெண்டு தறில நெய்வாங்களா?"

"அய்யே! மாட்டாங்க சார்."

"அப்புறம் எப்படி ரெண்டு?"

"வூட்ல நாலு சார். பரீட்சைல ரெண்டு." கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். நாலு என்று எழுதிய இருவரில் ஒருத்திக்கு எல்லாம் தெரியும், ஒருவனுக்கு ஒன்றும் தெரியாது. இருவருக்கும் நான் போட்டது ஒரே சுழி. இரண்டு என்று எழுதியவளுக்கோ கணக்கும் தெரியும், தறியும் தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாக... என்னைத் தெரியும்!

ஹெட்மாஸ்டரிடம் போனேன். நல்லவர், ஆனால் ரூல் தவறாதவர்.

"என்னய்யா இது? அவளுக்கு மார்க் போட்டா முனுசாமிக்கும் போடணும். நாலு ரைட்டுன்னா ரெண்டு போட்டவங்களுக்கெல்லாம் எடுக்கணும். பரீட்சை எழுதின சிலேட்ட அழிச்சாச்சு, மார்க்குதான் மிச்சம். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நீ தறி கதை சொல்லிகினு இருப்பியா?"

"நீங்களே அவளை ஒரு கேள்வி கேளுங்க சார். புத்தகத்துல இருக்கறதையே கேளுங்க."

நாகம்மாவைக் கூப்பிட்டார். ஒரு கொத்தனார் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டுவார், இரண்டு கொத்தனார்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்?

அவள் விரல்களை மடக்கினாள், விரித்தாள். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இதிலும் தவறினால் திங்கட்கிழமையோடு சரி.

"சார்... ஒண்ணு கேக்கலாமா?"

"பதில் சொல்லச் சொன்னா கேள்வி கேக்கறியா? சரி, கேளு."

"செவுத்துக்கு அந்தாண்ட ஒருத்தரு, இந்தாண்ட ஒருத்தரு நின்னுகினு கட்டலாமா சார்?"

"கட்டலாம்."

"ரெண்டு பேரும் ஒரே மாரி வேல செய்வாங்களா? பேசிகினே நின்னுட மாட்டாங்களே?"

"மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"அப்போ மூணு நாள் சார்."

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் போன பிறகு பேனாவை எடுத்தார். "அவளுக்கு நான் கேட்டதுக்கு மார்க் போடறேன். அவ மார்க்குல உன் கேள்விய அடிச்சுடு. மார்க்கு கொறைக்கணும்னா உனக்குத்தான்யா கொறைக்கணும்" என்றார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

முனுசாமிக்கு? அவனுக்கு அந்தக் கேள்வி இல்லாமலே மற்றதில் பாஸ் மார்க் இருந்தது. பெரிய எண்ணாகப் பார்த்து எழுதுகிறவன் இத்தனை கணக்கு எப்படிச் சரியாகப் போட்டான்? அதையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை லிஸ்டில் நாகம்மா பெயரை நானே அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். "படிக்கட்டும் சார். நூல வூட்டுக்காரி சுத்துவா." போகும்போது மகளிடம் சொல்லிக்கொண்டே போனார்: "இனிமே சார் கேக்கறதுக்குத் தகுந்த மாரி சொல்லிட்டுப் போ. சரோஜாவப் பாத்துக் கத்துக்கோ."

எனக்குத் திக்கென்றது. கற்றுக்கொண்டுவிட்டால்?

நான்காம் வகுப்புக்கும் நான்தான் வாத்தியார்; லிஸ்டு படித்த மறுநாளே வகுப்பு தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை போட்ட முதல் கணக்கு: ஒரு மாட்டு வண்டி, திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகிறது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். சரோஜா விடையை எழுதி சிலேட்டை எப்போதோ கவிழ்த்து வைத்துவிட்டாள். நாகம்மா கேள்வியைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்...

கையைத் தூக்கினாள். அப்பாடா!