கட்டிலுக்கு நான்கு எல்லை

திருத்தணி மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. அதற்கு ஒரு வெப்சைட்டும் உண்டு. படங்கள் பளிச்சென்று இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. ஆடிக் கிருத்திகை நெருங்கிய சமயத்தில் வேலூரிலிருந்து ஒரு டீச்சரம்மா போன் செய்தார்.

"ஏங்க, எனக்குக் கண்ணு தெரியாது. போன்ல ஒரு குரல் இருக்குது, அதுதான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டும். உங்க வெப்சைட்டைத் தொறந்தா 'படம், படம், பட்டன், பட்டன்'னு சொல்லிகினே போவுது. ரூம் எப்டி இருக்குது, எதை அமுக்குனா புக் ஆவும், ஒண்ணும் புரியலீங்க."

நம்பாமல் என் போனிலும் அந்தக் குரலை ஓடவிட்டுக் கேட்டேன். லாட்ஜ் மாதிரியே இல்லை, தையல் கடை மாதிரி இருந்தது.

வெப்சைட் செய்துகொடுத்தவர் அன்றே பட்டன்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார். படங்களில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நாங்களே எழுதித் தர வேண்டும், படத்துக்கு ஒரு வரி போதும் என்றார். எனக்கு எழுத வராது. அக்கா வீட்டுக்காரர், என் பாவா, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். அவரிடம் சொன்னேன். அளவு டேப்போடு வந்து நின்றார்.

"ஒரு வரி போதும் பாவா."

"ஒரு வரியில எழுதுனா நாளைக்கு வில்லங்கம் வரும் மச்சான்."

அவர் எழுதியது இது: "மேற்படி அறையில் அடங்கிய கட்டில் ஒன்று. இதற்கு எல்லையாவது: கிழக்கில் குளியலறைக்குப் போகும் வழி, மேற்கில் சன்னல், வடக்கில் சுவர், தெற்கில் மேசை. இதற்குள்பட்ட ஆறடிக்கு நாலடி. நிறம் தேக்கு. மரம் தேக்கல்ல."

கடைசி வரியையாவது எடுத்துவிடலாமே என்று கெஞ்சினேன். ஒரு எழுத்தை மாற்றினாலும் தான் பொறுப்பில்லை என்றுவிட்டார். அப்படியே ஏற்றினோம்.

மறுநாள் டீச்சரம்மா சிரித்துக்கொண்டே போன் செய்தார். "வாடகைக்குத்தாங்க கேட்டேன், கிரயத்துக்கு இல்ல!" ஆனால் யார் உதவியும் இல்லாமல் அவரே அறையைப் பதிவு செய்துவிட்டிருந்தார்.

தங்கையோடு வந்து இறங்கினார். பாவாவும் வரவேற்க வந்திருந்தார். அறைக்குள் நுழைந்த டீச்சரம்மா கைக்கோலைத் தட்டியபடி, வீட்டில் நடப்பதுபோல் நேராகக் குளியலறைப் பக்கம் போனார். முட்டி கட்டிலில் இடித்தது.

"ஆங்? இங்க வழின்னு போட்டிருந்துதே?"

அறையைப் பெருக்கிய வேலைக்கார அம்மா, காற்று நன்றாக வரட்டும் என்று கட்டிலை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டிருந்தார். பாவாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஆக்கிரமிப்பு!" என்றார்.

உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். டீச்சரம்மாவின் போன் எல்லைகளைப் படிக்கப் படிக்க, நானும் பாவாவும் கட்டிலை இழுத்தோம். "இன்னும் கொஞ்சம் மேற்கால போங்க" என்று டீச்சரம்மா சொல்ல, தங்கை வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டார். கட்டில் இடத்துக்கு வந்ததும் டீச்சரம்மா வழியில் ஒருமுறை போய் வந்து தலையாட்டினார். பாவா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அவர்கள் கிளம்பிய பிறகு பாவா கட்டில் கால்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டார். கண் தெரிந்தவர்கள் வந்து அது என்ன என்று கேட்கிறார்கள். எல்லை என்று சொல்கிறேன். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டுகிறார்கள்.

போகும்போது டீச்சரம்மா, மொட்டைமாடிப் படத்துக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டிருந்தார். பாவா மாடியிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: "வடக்கில் முருகன் கோயில் மலை. மேற்படி மலை இந்த வாடகையில் சேராது."