கவுதாரியை அழைத்த குரல்

கவுதாரி பிடிப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று முதலில் கேட்டவள் என் மனைவி. 2004-ல் எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சட்டையெல்லாம் மணலும் முள்ளுமாக வீட்டுக்குள் நுழைந்து, துணிப்பையிலிருந்து இரண்டு பறவைகளை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"கறி வேணும்னா பாதிரிப்புலியூர் மார்க்கெட்ல கோழி கிடைக்கலியா? இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"கறிக்காகப் போறதில்ல."

"பின்ன எதுக்கு?"

பறவைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். நிரந்தர வேலை. அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒருவருடன்தான் நான் கவுதாரிக்குப் போவேன். பரங்கிப்பேட்டைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். புதுச்சத்திரம் பக்கம் முந்திரியும் சவுக்கும் கலந்த ஒரு தோப்பு எங்கள் இடம். சட்டப்படி தப்பு என்பது இருவருக்குமே தெரியும். தோப்புக்காரர் கண்டுகொள்ளவில்லை, நாங்களும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பாய்க்குக் கவுதாரியின் குரல் வரும். இரண்டு விரலை உதட்டில் அழுத்திக் காற்றை உள்ளே இழுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பறவை எது, மனிதன் எது என்று எனக்கே சந்தேகம் வரும். புல் மறைவில் நைலான் கண்ணிகளை வைத்துவிட்டு, முந்திரி மரத்தடியில் நாங்கள் உட்காருவோம். அவர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்துவார். அதன் பிறகு அசையக்கூடாது. கால் மரத்துப் போகும். கழுத்தில் எறும்பு ஊரும். எங்கோ தூரத்தில் ஒரு கவுதாரிச் சேவல் பதில் கொடுக்கும். என் கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும்.

அதற்குப் பிறகு நடப்பது ஒரு பேச்சுவார்த்தை. இவர் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்லும். பக்கத்தில் வரும், சந்தேகப்படும், இடப்பக்கம் சுற்றிப் போகும். திடீரென்று மௌனமாகிவிடும். போய்விட்டதா, வந்துகொண்டிருக்கிறதா என்று தெரியாத அந்தப் பத்து நிமிடத்தில் நான் வேறு எதையும் நினைத்ததில்லை. பிறகு சருகு சரசரக்கும். கழுத்தை நீட்டிக்கொண்டு அது வெளியே வந்து நேராக நம்மைப் பார்க்கும். வாரத்தில் ஆறு நாள் வால்வையும் மீட்டரையும் பார்த்து, மூக்கைவிட்டுப் போகாத அந்த நெடியில் யாருடனும் இரண்டு வார்த்தை பேசாமல் வேலை செய்கிறவன் நான். என்னைத் தெரியாத ஒரு உயிர், அழைத்த குரலுக்குப் பதில் சொல்லி நடந்தே வருகிறது. என் மனைவியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சொல்லத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் ஒருமுறை முயன்றேன். மதியச் சாப்பாட்டில் மனைவியின் அண்ணன், "மாப்ள குருவி புடிக்கப் போறாராம்ல" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. சாம்பார் சோற்றில் கையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குரல், மௌனம், சருகுச் சத்தம். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், சிரிப்பு நின்றுவிட்டது. மாமனார் மளிகைக் கடை வைத்திருந்தவர், நிதானமானவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க மாப்ள, வந்தப்பறம் என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"புடிப்போம் மாமா."

"புடிச்சு?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"கூப்ட்டு வரவழைச்சுக் கழுத்த அறுக்கறது. அதத்தான இவ்ளோ நேரம் சொன்னீங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு எனக்கு ரசம் ஊற்றச் சொன்னார்.

பாயிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "இதெல்லாம் வாயால சொன்னா யாருக்கும் வெளங்காது மச்சான். நீ ஏன் போய் எல்லார்கிட்டயும் சொல்லினு கெடக்கற? நமக்குப் புடிச்சிருக்குது, வரோம், போறோம்."

எனக்கு அது போதவில்லை. யாராவது ஒருவராவது "ஆமாம், புரிகிறது" என்று சொல்ல வேண்டும் என்று ஏனோ இருந்தது.

சொல்ல ஆள் வந்தார். 2009-ல் எங்கள் ஷிப்டுக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தார். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும். கேன்டீனில் யாரோ கிண்டலாகச் சொன்னதைக் கேட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்தார். நானும் மறுபடி எல்லாம் சொன்னேன். அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். கடைசியில், "அப்ப அது உங்களுக்குப் பதில் சொல்லுது. அதுதான விஷயம்?" என்றார்.

ஐந்து வருடமாக நான் தேடிய வாக்கியம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்த ஞாயிறே அவரைத் தோப்புக்குக் கூட்டிப் போனேன். பாய்க்கு இஷ்டமில்லை, என் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். இன்ஜினியர் ஒரு மணி நேரம் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். சேவல் சருகிலிருந்து வெளியே வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கண்ணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார் பாய். "உள்ள மோட்டார் ஓடற மாதிரி இருக்குங்க" என்று இன்ஜினியர் கிசுகிசுத்தார். இளம் பறவை என்று பாய் அதை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, "ஒருத்தருக்குப் புரிஞ்சிடுச்சு" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

மறு வருடம் தொடக்கத்தில் சிதம்பரத்தில் மனைவியின் தங்கைக்கு வளைகாப்பு. முதல்நாளே போய்விட்டோம். சாயங்காலம் பாயிடமிருந்து போன்.

"அந்த சாரு கூப்ட்டாரு மச்சான். நாளைக்குப் பிரண்டுங்க ரெண்டு பேரோட வராராம். துப்பாக்கி எடுத்துனு வராங்களாம். எனக்கு மனசு ஒப்பல. நீயும் ஊர்ல இல்ல."

"ஏர்கன்னாத்தான் இருக்கும் பாய். சாரு நம்ம ஆளு, பொறுமையானவரு. போய்ட்டு வாங்க. உங்க கேட் பாஸ் புதுப்பிக்கற நேரம் வேற, அவரு கையெழுத்துதான போடணும்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாய் "சரி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நடந்ததைப் பாய்தான் பிறகு எனக்குச் சொன்னார். அவர் கூப்பிட்டார். சேவல் வந்தது. சருகிலிருந்து தலை தெரிந்ததுமே சுட்டார்கள். அடுத்ததையும் சுட்டார்கள். கூப்பிடுவதை நிறுத்தினார். "இன்னொரு வாட்டி கூப்புடுங்க பாய்" என்றார் இன்ஜினியர், சிரித்துக்கொண்டே. கூப்பிட்டார். குஞ்சுகளோடு ஒரு பெட்டை வந்தது. வேண்டாம் என்று பாய் எழுந்து கையை ஆட்டினார். அதையும் சுட்டார்கள். மொத்தம் பதினான்கு. சத்தம் கேட்டு ஊரில் யாரோ வனத்துறைக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அதைச் சொல்லிக்கொண்டே போனதும், "தண்ணி வாங்கிட்டு வந்துடறோம்" என்று மூவரும் காரில் ஏறினார்கள். துப்பாக்கியும் காரோடு போயிற்று. செத்த பறவைகள் இருந்த சாக்குப் பையோடு தோப்பில் நின்றவர் பாய் மட்டும். வனத்துறை ஆட்கள் வந்தபோது அவர் இன்னும் காரை எதிர்பார்த்துத்தான் நின்றிருந்தார்.

ஜாமீனில் வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் எவ்ளோ சொல்லியும் யாரும் நம்பல மச்சான். கார்ல வந்தது யாருன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும். முன்னாடியும் அவரு அங்க வந்தாருன்னு உனக்குத்தான தெரியும்?"

"பாக்கலாம் பாய்" என்றேன்.

இன்ஜினியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவரை சொன்னதில்லை. "உங்க பேரு எங்கயும் வராது. அத நான் பாத்துக்கறேன். நீங்களும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

பாய் அன்று வீட்டுக்கு வந்தபோது என் மனைவி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு கேட்டாள்.

"எப்ப போய்ச் சொல்லப் போறீங்க?"

"சொன்னா நானும் மாட்டுவேன். நானும் போனவன்தான."

"மாட்டுங்க. போனது நிஜந்தான?"

"வேலைக்கு ஏதாவது ஆனா?"

"அஞ்சு வருஷமா அதுல என்னமோ இருக்குது, என்னமோ இருக்குதுன்னு வெளக்குனீங்களே. இதுதானா அது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் போய்ச் சொல்லவும் இல்லை.

அந்த மாதமே பாயின் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை, ஆலை வேலை போயிற்று. அவருடைய சித்தப்பா மகன் சவூதியில், தம்மாமில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கப் போனால் போலீஸ் விசாரணையில் வழக்கு நிலுவை என்று எழுதிவிட்டார்கள். வழக்கோ வாய்தா வாய்தாவாகத் தள்ளிப் போனது. தம்மாம் வேலைக்கு வேறு ஆள் போனான். இன்ஜினியர் பதவி உயர்வோடு குஜராத் பக்கம் போனார். வழியனுப்பு விழாவில் அவருக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒரே ஒரு முறை தனியாகத் தோப்புக்குப் போனேன். கண்ணி எடுத்துப் போகவில்லை. பாய் செய்வதுபோல் உதட்டில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். மோசமான குரல். அதற்கும் ஒன்று பதில் சொன்னது. பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. சருகு அசைந்ததும் எழுந்து கைதட்டினேன், விர்ரென்று பறந்து போயிற்று. 2011 கடைசியில் அடித்த புயலில் அந்தத் தோப்பே விழுந்துவிட்டது. முந்திரி வைத்திருந்தவர்கள் வேரோடு சாய்ந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்கள். செய்தி கேட்டு எனக்கு வந்தது நிம்மதி. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2012-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை நண்பர் ஒருவரின் மகளுக்கு நிக்காஹ். மனைவியோடு போயிருந்தேன். ஆலைக் குடும்பங்களுக்கென்று போட்ட பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் பிரியாணி வாளியோடு வருகிறவர் பாய் என்று பார்த்தேன். தாடி பாதி நரைத்திருந்தது. எழலாமா என்று நினைப்பதற்குள் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் என்னிடம். என் மனைவியிடம், "பையன் எந்த கிளாஸ்மா படிக்கறான்?" என்று கேட்டார். இருவருக்கும் தாராளமாகப் போட்டார்.

"கேசு?" என்றேன்.

"போன வருஷம் முடிஞ்சிடுச்சு. அபராதத்தோட விட்டாங்க. பாஸ்போர்ட்டும் வந்துடுச்சு. இப்ப வயசு ஜாஸ்தின்னு எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டேங்கறான்." சிரித்தார். மீன் வண்டி ஓட்டுகிறேன் என்றார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஆலையின் புது ஆள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் கவுதாரிக்குப் போவீங்கன்னு சொல்வாங்களே! அதுல அப்படி என்னங்க இருக்குது?" என்றார் ஆசையாக.

பாய் என்னைப் பார்க்கவில்லை. வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. அப்ப வேற வேல இல்ல, போனோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மனைவி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.