ஒன்பது வயலின் இசைகளும் ஒரு மூன்றாம் பக்கமும்

நூல்களை அச்சுக்கு முன் சரிபார்த்துத் தருவது விந்தையான தொழில்: நாம் கண்டுபிடித்த நூறு பிழைகளை யாரும் எண்ணுவதில்லை, நாம் உண்டாக்கிய ஒன்றை யாரும் மறப்பதில்லை. எதையேனும் அச்சுக்கு அனுப்பிவிட்டு உறக்கம் இழந்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் சில செய்திகளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நான் தில்லியில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவள். டெய்சி, பாளையங்கோட்டையிலிருந்து வந்து, லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் பணியாற்றுபவர். அலுவலகம் போக எஞ்சிய நேரத்தில் ஆறு ஆண்டுகள் முயன்று, இரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிப்பதற்கான ஒன்பது இசைகளை எழுதியிருந்தார். சித்தரஞ்சன் பார்க்கில் வயலின் வகுப்பு நடத்தும் சாட்டர்ஜி அவற்றைப் பாடமாக வைக்க இசைந்து, ஒரு நிபந்தனை விதித்தார். ஜெராக்ஸ் தாள்கள் கூடாது. முறையான நூலாக வர வேண்டும். அந்நூலை இசைத்தாள் ஸ்டாண்டில் வைத்தே தம் முன் வாசித்துக்காட்ட வேண்டும். அதற்கு ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலையைக் குறித்தார்.

கேட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு அனுப்பும் சேவைகள் இப்போது பல உள்ளன. அவற்றுள் தக்கதைத் தேர்ந்து, நூலை அச்சேற்றும் பொறுப்பு என்னுடையதாயிற்று. எனக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. அது ஒரு குறையென்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பதினான்கு கட்டங்கள்

மூன்று சேவைகளை ஒப்பிட்டு அட்டவணை வரைந்தேன். தாளின் கனம், கட்டுமுறை, உரிமை யாருக்கு, வெளிநாட்டில் கிடைக்குமா, புகாருக்கு மனிதர் பதிலளிப்பாரா, இயந்திரமா என்று பதினான்கு கட்டங்கள். மாதிரித் தாள்களை வரவழைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்து மை முன்பக்கம் தெரிகிறதா என்று பார்த்தேன். பத்து நாள் இவ்வாறு கழிந்தது. ஐந்து வாரத்தில் பத்து நாள் என்பது எவ்வளவு என்று நான் கணக்கிடவில்லை. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்க வந்த டெய்சியை நிறுத்தி, அட்டவணையை விரித்துக் காட்டினேன். பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகப் படித்தார். பின் சொன்னார்: "எனக்கு மாப்பிள்ள பாத்தப்பகூட எங்க வீட்டுல இவ்வளவு விசாரிக்கல, டீச்சர்."

மொழி என்ற இடம்

முதல் சேவையின் விண்ணப்பத்தில் நூலின் வகையைக் கேட்டிருந்தார்கள். கதை, கவிதை, சமையல், ஆன்மிகம், தேர்வு வழிகாட்டி எல்லாம் இருந்தன; இசை இல்லை. 'பிற' என்பதைத் தேர்ந்தேன். அடுத்து, நூலின் மொழி. வயலின் இசைக்கு மொழி ஏது? உண்மையல்லாத ஒன்றை விண்ணப்பத்தில் எழுத என் கை எழாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்; விண்ணப்பம் நகர மறுத்தது.

நொய்டாவிலிருந்த சேவை மையத்தை அழைத்தேன். பேசிய பெண்ணிடம், மொழிக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை இந்தியில் இருபது நிமிடம் விளக்கினேன். என் இந்தி அதற்கு முன் அவ்வளவு தூரம் சென்றதில்லை. அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுச் சொன்னதன் தமிழ் வடிவம் இது: "மேடம் ஜி, மொழி போடலேன்னா சிஸ்டம் இத எழுதாத நோட்டுப் புத்தகம்னு எடுத்துக்கும். ஏதோ ஒண்ணப் போடுங்க, உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்."

தானே மூடிக்கொண்ட நூல்

மொழி ஆங்கிலம் என்று மனச்சாட்சியை அடக்கி எழுதியபின், அச்சேவையிலிருந்து மாதிரிப் பிரதி ஒன்று வந்தது. நாவல்களைப் போல முதுகில் பசையிட்டு ஒட்டிய அழகிய நூல். என் அட்டவணையில் 'கட்டின் உறுதி' என்னும் கட்டத்தில் முழு மதிப்பெண் பெற்றது.

இரண்டாம் வயலின் வாசிக்கும் பல்பீர் ஜியிடம் அதைக் கொடுத்தோம். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சர்தார்ஜி. பெரம்பூரில் எட்டு ஆண்டு இருந்தவராதலால் தமிழ் பேசுவார். ஸ்டாண்டில் விரித்து வைத்து வில்லை எடுத்தார். நூல் மூடிக்கொண்டது. ஒரு பக்கம் கைப்பேசியையும் மறுபக்கம் கண்ணாடிக் கூட்டையும் பாரமாக வைத்தார். மூன்றாம் வரியில் மூன்றும் தரையில் விழுந்தன. கைப்பேசியைத் துடைத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையுடன் சொன்னார்: "பெஹன்ஜி, கிதாப் பஹுத் அச்சா, ரொம்ப நல்ல புஸ்தகம். ஆனா நான் வாசிக்கிறது அதுக்குப் பிடிக்கல."

இருபத்தொன்று இருபதானது

எனவே, இசை நூல்களுக்கென்றே நடத்தப்படும் இரண்டாம் சேவையைத் தேர்ந்தோம். ஸ்பைரல் கட்டு, விரித்தால் விரித்தபடி கிடக்கும். டெய்சி கோப்பை அனுப்பினார். முதல் பக்கம் தலைப்பு. இரண்டாம் பக்கம் நான் தட்டச்சு செய்த பொருளடக்கம். நான்காம் பக்கம் முதல், ஓர் இசைக்கு இரண்டு பக்கம் வீதம் ஒன்பது இசைகள். மூன்றாம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த வெறுமை மாதிரிப் பிரதியிலேயே என் கண்ணை உறுத்தியது. பொருளடக்கத்துக்கு நேர் எதிரே வெள்ளையாக ஒரு பக்கம், மறதியின் சான்றுபோல நின்றது. சேவையின் முன்பார்வைத் திரையில் அதை நீக்கினேன். பொருளடக்கத்தின் ஒன்பது பக்க எண்களிலும் ஒவ்வொன்றைக் குறைத்தேன். இருபத்தொரு பக்கம் இருபதாயிற்று. அம்முழு எண் எனக்களித்த நிறைவைச் சொல்லி முடியாது. தேவைக்கு மேல் ஒன்றும் வேண்டாமென்று, வாசிக்கும் இருவருக்கும் சாட்டர்ஜிக்குமாக மூன்றே பிரதிகள் கேட்டேன். ஒப்புதல் பொத்தானை அழுத்துமுன், கடைசியாக ஒருமுறை பார்க்கிறாரா என்று டெய்சியைத் தொலைபேசியில் கேட்டேன். ஆண்டிறுதித் தணிக்கைக் கோப்புகளுக்கு நடுவிலிருந்து அவர் சொன்னார்: "நீங்க பாத்தா போதும்லா டீச்சர். உங்க கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போயிராது."

சனிக்கிழமை வந்த மூன்று பிரதிகள்

மறுநாள் நிகழ்ச்சி. டெய்சியின் வீட்டில் இருவரும் நூலை விரித்து முதல் இசையைத் தொடங்கினார்கள். வலப்பக்கத்தின் கடைசி வரியில், விரல்கள் மிக விரைந்து ஓடிக்கொண்டிருந்த இடத்தில், இருவரும் ஒரே கணத்தில் நின்றார்கள். வயலின் வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். எஞ்சிய பாதி இசை தாளின் பின்புறத்தில் இருந்தது. பக்கத்தைப் புரட்ட மூன்றாம் கை இல்லை.

டெய்சி இரண்டாம் இசையைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார். ஒன்பதும் அப்படியே. "அந்தப் பக்கத்த மறந்து விடல டீச்சர்," என்றார். குரல் உயரவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் எதிரெதிரா வரணும்னுதான் அத சும்மா விட்டிருந்தேன். வாசிக்கும்போது பொரட்டவே வேண்டாம்லா." புதிய பிரதி வர ஒரு வாரமாகும். நூலை வைத்தல்லாமல் வாசித்தால் சாட்டர்ஜி ஏற்கமாட்டார். நான் எழுந்து, தெருமுனைக் கடையில் கம்பியைக் கழற்றி வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். பல்பீர் ஜி என்னை இரக்கத்துடன் பார்த்தார்: "பெஹன்ஜி, உக்காருங்க. ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம். செருகினாலும் எல்லாம் இப்போ இருக்கிற மாதிரியேதான் விழும்."

மேடையில் என் பங்கு

வேறு வழியின்றி, ஞாயிறு மாலை சாட்டர்ஜியின் வகுப்பறையில் இரண்டு ஸ்டாண்டுகளுக்கும் நடுவே ஒரு முக்காலியில் நான் அமர்ந்தேன். டெய்சி தலையசைத்ததும் வலக்கையால் அவருடைய பக்கத்தையும் இடக்கையால் பல்பீர் ஜியுடையதையும் ஒருங்கே புரட்ட வேண்டும். பல்பீர் ஜி தாளத்துக்கேற்ப ஓயாமல் தலையசைப்பவர். அவரைப் பார்க்கவே கூடாதென்று எனக்கு ஆணை. நான்கு இசைகள் பழுதின்றி முடிந்தன. ஐந்தாவதில் என் வளையல் கம்பிச் சுருளில் மாட்டிக்கொண்டது. அந்த இசை முடியும்வரை, பல்பீர் ஜியின் நூலை ஆசீர்வதிப்பவள்போல நான் கையை அதன்மேலேயே வைத்திருந்தேன். டெய்சி என்னைப் பார்க்கவில்லை. ஒரு சுரமும் பிசகாமல் ஒன்பதையும் வாசித்து முடித்தார்.

சாட்டர்ஜி முதலில், இசை நன்றாயிருக்கிறது என்றார். பிறகு தம் பிரதியை முன்னும் பின்னும் புரட்டி, என் வளையலையும் பார்த்து, டெய்சியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "ஒவ்வொரு பிரதியோடும் இந்த அம்மாவையும் அனுப்புவீர்களா?"

டெய்சி வாய் திறக்குமுன் நான் எழுந்து, பக்கத்தை நீக்கியது யார், ஏன் என்பதை முறைப்படி தெரிவித்தேன்.

அதன்பின் முடிவானவை வருமாறு. அன்றிரவே மூன்றாம் பக்கம் தன் இடத்துக்குத் திரும்பியது. கேட்டபோது மட்டும் அச்சிடும் முறையாதலால், பிழையான நூல் உலகில் மூன்றே பிரதிகளோடு நின்றது. அவற்றுள் ஒன்று என் மேசையில் இருக்கிறது. திருத்திய பிரதி ஒன்பதாம் நாள் சாட்டர்ஜியை அடைந்தது. அவருடைய மாணவியர் இருவர் எங்கும் நிற்காமல் வாசித்தார்கள். நூல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் பாடமாயிற்று. ஒரு பக்கத்தை நீக்குமுன் 'உறுதிதானா' என்று அச்சேவை இருமுறை கேட்கும் என்பதும், இருமுறையும் 'ஆம்' என்று அழுத்தியவள் நானே என்பதும் தெளிவாயின. நூலில் என் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று டெய்சி பிடிவாதம் பிடித்து, தலைப்புக்குக் கீழே 'பக்க ஒழுங்கு' என்று எழுதி அதைச் சேர்த்தார்.

ஆக, என் பெயர் அச்சில் வந்த முதல் நூலில் நான் ஆற்றிய முழுப் பணி, ஒரு வெற்றுப் பக்கத்தை அது இருந்த இடத்திலேயே இருக்க விட்டதுதான்.