அருவியில் இறங்காத சூடு

குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. படம் விழுகிற அந்த நேரத்தில் பிள்ளை அசையக் கூடாது. எந்தப் பிள்ளை அசையாமல் இருக்கும்? ராயகிரியிலிருந்தோ பாவூர்சத்திரத்திலிருந்தோ இருமிக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கியதை, அரையிருட்டில் சட்டையைக் கழற்றி நிறுத்தினால் வீறிட்டுத்தான் அழும். தாயைப் பிடிக்கச் சொன்னால், மெஷின் உறுமுகிற சத்தத்தில் அவள் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஓடுவாள். படம் கலங்கிப்போகும். டாக்டர் என்னைக் கடித்துக் குதறுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆயாவாக ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட மூத்தவள், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளைகளைப் பிடிக்கிற வேலை தானாக அவளிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு கக்கத்துக்கும் கீழே கையைக் கொடுத்து, "ஏலே, அங்கன பாரு, காக்கா வருது பாரு" என்பாள். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். ஈயத் தகடு அடித்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்று நான் பொத்தானை அமுக்குவேன். படம் கண்ணாடி மாதிரி விழும்.

என் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். அதற்குள் துண்டு ஃபிலிம். கதிர் பட்டால் அது கறுக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். மாதாமாதம் பம்பாய்க்கு அனுப்புவோம், பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வரும். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு பேட்ஜ், அதுவும் எனக்கு.

ஒருநாள் அக்கா கேட்டாள். "அண்ணாச்சி, இந்த மெஷினு ஒடம்புக்குச் சூடுன்னு சொல்லுதாகளே, நெசமா?"

எங்கள் ஊரில் எல்லாமே சூடுதான். கண் எரிந்தால் சூடு, வாய் வெந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு. எல்லாவற்றுக்கும் மருந்து தலை நிறைய எண்ணெயும் குற்றாலத்துத் தண்ணீரும். நானும் பெரிய இவன் மாதிரிச் சொன்னேன்: "சூடுதாங்க்கா. சனிக்கெழம எண்ணெ தேச்சு ஐந்தருவில போய்த் தலையக் குடுங்க. எல்லாம் எறங்கிரும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சென்னையில் படித்த படிப்பு பெட்டியில் இருந்தது, ஊர்ப் புத்தி மண்டையில் இருந்தது. சாரல் காலத்துச் சனிக்கிழமைகளில் ஆண்கள் பக்கம் நானும் பெண்கள் பக்கம் அவளும் நின்றோம். ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சூடெல்லாம் எறங்கிட்டு அண்ணாச்சி" என்று சிரிப்பாள்.

இரண்டு மூன்று வருஷத்தில் அவள் விரல்கள் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தன. நகங்களில் கோடு கோடாக விழுந்தது. "பினாயில்ல கைய வைக்கேம்லா, அதான்" என்றாள். நானும் ஆமாம் என்றேன். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். பிறகு வந்த வருஷம் சாரல் சுத்தமாகப் பொய்த்துவிட்டது. அருவியில் பாறைதான் தெரிந்தது. யாரும் குளிக்கப் போகவில்லை. பிள்ளைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள், அவளும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் மெஷினைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஓர் ஆள் வந்தார். சின்ன வயசு. கதிர் எங்கெங்கே சிதறுகிறது என்று பார்க்க, மனுஷ உடம்புக்குப் பதிலாக ஏதாவது வேண்டும் என்றார். ஒரு பையில் அரிசியை இறுக்கி நிரப்பினாலே போதுமாம், கதிருக்கு அதுவும் கிட்டத்தட்ட சதை மாதிரிதானாம். அக்கா சமையல்கட்டிலிருந்து அரிசி கொண்டுவந்து, தலையணை உறையில் கொட்டி, கழுத்து இருக்கிற இடத்தில் துணியால் கட்டி, பிள்ளையாகவே ஆக்கிவிட்டாள்.

"அழாத பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று அதை இடுப்பில் வைத்து ஆட்டினாள். அந்த ஆளும் சிரித்துவிட்டார்.

பிள்ளையைப் பிடிக்கிற கை இருக்கும் இடத்தில், கறுப்புத் தாள் சுற்றிய ஃபிலிம் துண்டுகளை இரண்டு பக்கமும் கட்டினார். தடுப்புக்குப் பின்னால் நான் நிற்கிற இடத்தில் ஒன்றை ஒட்டினார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு காலையில் எத்தனை பிள்ளைகளுக்கு எடுப்போமோ அத்தனை தடவை பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். எங்கள் இருட்டறையிலேயே கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். என் இடத்து ஃபிலிம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. கை இருக்கிற இடத்து ஃபிலிம் இரண்டும் அடுப்புக்கரி.

"யார் பிடிப்பது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் வாசலைப் பார்த்தேன். அக்கா அரிசிப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அது கதிர் பட்டுக் கெட்ட விரல் என்று என்னிடம் அடிக்குரலில் சொன்னார். அருவியைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை.

"என்ன சொல்லுதாக அண்ணாச்சி? அரிசியச் சோறு பொங்கலாமா, ஆகாதா?"

"தாராளமாப் பொங்கலாம். அரிசிக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க மட்டும் இனிமே பிள்ளையளப் பிடிக்க வேண்டாமாம். கூட வந்தவுகளே பிடிக்கட்டுமாம்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "நான் சரியாத்தான பிடிச்சேன்?" என்றாள். ரொம்பச் சரியாகப் பிடித்தீர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. ஏன் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லவில்லை. கோழை. வேறென்ன சொல்ல?

பிறகு அவள் ஆட்காட்டி விரலில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. கடைசியில் திருநெல்வேலியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காப்பி போடச் சொல்லி மகளை விரட்டினாள். கட்டுப் போட்ட கையைப் பிள்ளை மாதிரி என் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"எல்லாம் எந் தப்புதான் அண்ணாச்சி. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீக. சாரல் பொய்ச்ச வருசம் நான் ஒரு நாளு கூடக் குளிக்கப் போகல. அந்தச் சூடு உள்ளேயே தங்கிட்டு."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அருவிக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லக்கா. நான் சொன்னது தப்பு. அது குளிச்சாப் போற சூடே இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள். "அப்பம் நீங்க குளிச்சது?"

"அதும் சும்மாதான்."

"ஒங்க கை நல்லாத்தான இருக்கு?"

"நான் பலகைக்குப் பின்னால நின்னேங்க்கா."

மகள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதுவரை என் முன்னால் நீட்டியிருந்த கையை மெதுவாக இழுத்து, முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.