பத்தி இல்லாமல் பதினெட்டு

இருபது கேள்விக்குப் பதினெட்டு சரி. மறுபடியும் எண்ணினேன், பதினெட்டேதான். அந்தக் கேள்விகளுக்கான பத்தியை நான் இன்னும் கொடுக்கவே இல்லை. பாடம் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கொடுத்தால் ஒருத்தி எப்படிப் பதினெட்டு எழுதுவாள்?

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கோச்சிங் சென்டரில் பதினோரு வருஷம் இருந்தேன். வெளிநாடு போகிற நர்ஸுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன், பரீட்சையும் நானே வைத்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற சின்ன வயசு டீச்சர்கள் போன் செய்து, "அட்வான்ஸ்டு பேட்ச்சை எப்படி அஸெஸ் பண்றது மிஸ்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேறு கதைகள் உண்டு. இது அந்த வகை இல்லை.

1. பிளைண்ட் டெஸ்ட்

ஆரம்ப பேட்ச்சை அளப்பது சுலபம். வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். அட்வான்ஸ்டு பேட்ச் அப்படி இல்லை, கடகடவென்று பேசியே நம்மை ஏமாற்றிவிடுவார்கள். அதனால் நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். கிராமருக்கு, பரீட்சை அன்று காலையில் நாற்பது பிழை வாக்கியங்களைப் போர்டில் எழுதிப்போடுவேன், திருத்த வேண்டும். காம்ப்ரிஹென்ஷனுக்கு இரண்டு பக்கப் பத்தி, இருபது கேள்வி. பத்திகளெல்லாம் என் சொந்தக் கைவரிசை. சுக்கு கோடவுனைப் பற்றி ஒன்று, வல்லார்பாடத்து கன்டெய்னர் கிரேன் பற்றி ஒன்று, இப்படி ஆறு செட். பேலஸ் ரோட்டில் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கி, மாற்றி மாற்றிக் கொடுப்போம்.

பத்தியைக் கொடுப்பதற்கு முன்னால் கேள்வித்தாளை மட்டும் பத்து நிமிஷம் கொடுத்து எழுதச் சொல்வேன். அதற்குப் பெயர் பிளைண்ட் டெஸ்ட். பிள்ளைகளைச் சோதிக்க அல்ல, என் கேள்விகளைச் சோதிக்கத்தான். பத்தியைப் படிக்காமலே எல்லோரும் சரியாக எழுதினால் அது உருப்படாத கேள்வி என்று அர்த்தம். பொது அறிவை வைத்து ஐந்து, ஆறு வரும். எட்டு வந்தால் ஆச்சரியம்.

சென்டர் முதலாளி ஜோபி ஸாருக்கு இது பிடிக்காது. "டீச்சருக்கு வேற பணி ஒண்ணும் இல்லையா? நேரா பரீட்சையை வைச்சாப் போராதா?" என்பார். நான் கேட்டதில்லை.

2. இசக்கியம்மாள்

பதினெட்டு வாங்கியவள் பெயர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா எறணாகுளம் பிராட்வேயில் காய்கறி வியாபாரம். இங்கே மலையாளம் மீடியத்தில் படித்து, நர்ஸிங் முடித்தவள். பேட்ச்சில் கடைசி பெஞ்சு. அதிகம் பேசமாட்டாள்.

அன்றைய பரீட்சை சும்மா பரீட்சை இல்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட், எங்கள் லிஸ்டில் உள்ளவர்களை மட்டும்தான் இன்டர்வியூவுக்கு எடுப்பார். அன்று மாலை ஐந்து மணிக்கு லிஸ்ட் போக வேண்டும். முப்பது வயசுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டிஷன். இசக்கிக்கு முப்பது ஆக மூன்று வாரம் பாக்கி. இந்த லிஸ்டை விட்டால் அவளுக்கு அடுத்தது கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அப்ளிகேஷனைச் சரிபார்த்ததே நான்தான்.

மற்றவர்களெல்லாம் நாலு, ஐந்து, ஆறு. இவள் ஒருத்தி பதினெட்டு. பேப்பர் வெளியே போயிருக்கிறது என்று தோன்றியதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"இதை எப்படி எழுதின?"

"தெரிஞ்சதை எழுதுங்கன்னு சொன்னீங்கள்லா டீச்சர். தெரிஞ்சதை எழுதிட்டேன்."

"பத்தியே கொடுக்கலையேடீ! எப்படித் தெரிஞ்சுது?"

"முன்னாடியே வாசிச்சிருக்கேன் டீச்சர்."

"எங்க வாசிச்ச? யார் கொடுத்தா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யார் கொடுத்தான்னு கேக்கறேன்."

"யாரும் கொடுக்கலை டீச்சர். அதை மட்டும் கேக்காதீங்க. வேற பத்தி ஏதாச்சும் தாங்க, இப்பவே எழுதறேன். பேப்பர்ல வர்ற நியூஸ் தந்தாலும் செரி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு வேற வேலை இருக்கு" என்று சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, கீழே விழவில்லை. "செரி டீச்சர்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தகராறு செய்திருந்தால்கூட நான் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ.

ஜோபி ஸார் லிஸ்டைப் பார்த்தார். "இசக்கிக்கு கிராமர் முப்பத்தெட்டு உண்டல்லோ டீச்சரே. பேட்ச்சிலே டாப்பாணு. இதை நீங்க இன்னிக்குக் காலையில்தானே போர்டில் எழுதினது? இது எங்ஙனே லீக் ஆவும்?"

"கிராமரை மனப்பாடம் பண்ணிடலாம் ஸார். காம்ப்ரிஹென்ஷன்லதான் சாயம் வெளுக்கும்."

"பின்னே டீச்சர் சொன்னா செரி."

அவள் பெயருக்கு நேரே 'மால்பிராக்டிஸ்' என்று எழுதினேன், சிவப்பு மையில். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதே பதினெட்டை டாக்டர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தால், "கெட்டிக்காரிதான், ஆனா இந்த செட் ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும்" என்று வேறு செட்டை எடுத்துக் கொடுத்திருப்பேன். காய்கறிக்காரர் மகளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். தமிழ்க் குடும்பம்தான் நானும். நாலு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறோம், நேற்று பஸ் ஏறி வந்தவர்கள் என்றால் ஒரு இளப்பம். வெட்கமாக இருக்கிறது.

3. பேலஸ் ரோடு

ஒரு மாசம் கழித்து, லீக் ஆன செட்டுக்குப் பதிலாகப் புதிய செட் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு அந்த டிடிபி கடைக்கு நானே போனேன். வழக்கமாக ஆபீஸ் பியூன்தான் கொடுத்து வாங்குவான். இந்தத் தடவை யாரையும் நம்ப எனக்கு மனசில்லை. கடைக்காரர் ஷம்சுக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'இக்கா' என்போம்) வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இசக்கி.



"இவ எத்தனை நாளா இங்க இருக்கா?" என்று ஷம்சுக்காவை மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சரே. உங்க பேப்பர் மொத்தம் இவளாக்கும் அடிக்கறது. புரூஃப் கூடே துண்டுச் சீட்டு வரும் இல்லே? இந்தக் கேள்விக்கு ரெண்டு ஆன்ஸர் செரியாகுது, பத்தியை இன்னொரு தடவை நோக்குங்கன்னு? அதெல்லாம் இவ எழுதறது. எனக்கு எவிடே இங்கிலீஷ்!"

அந்தச் சீட்டுகள் எனக்கு வரும். பெயர் இருக்காது. ஒவ்வொரு தடவையும் சீட்டு சொல்வது சரியாக இருக்கும், நான் பேசாமல் கேள்வியை மாற்றிவிடுவேன். கடைக்காரரின் சொந்தத்தில் யாரோ காலேஜ் லெக்சரர் என்று நினைத்திருந்தேன்.

சென்டர் பேப்பரை அடிக்கிறவர்கள் சென்டரில் படிக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் ஷம்சுக்காவுக்கு எங்கள் பேப்பர் அடிக்கிற வேலை கைவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்ததும் தப்புதான், சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் திருடுகிற எண்ணம் உள்ளவள் பிளைண்ட் டெஸ்டில் பதினெட்டு எழுதுவாளா? ஏழோடு நிறுத்திவிட்டு, பத்தி கைக்கு வந்த பிறகு மிச்சத்தை எழுதியிருப்பாள். பதினோரு வருஷ சர்வீஸில் இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே போய், "இசக்கி, இன்னிக்கு ஒரு டெஸ்ட் எழுதறியா? நான் ஜோபி ஸார்கிட்ட பேசறேன்" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? வயசு தாண்டிட்டுல்லா."

கோபம் இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டிப் புதிய செட்டை வாங்கினாள். முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"ஆன்ஸர் கீயையும் நானே அடிக்கட்டுமா டீச்சர், இல்ல அது வேற யாராச்சும் அடிக்கணுமா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். "நீயே அடி" என்று ஆன்ஸர் கீயையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

சின்ன டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருத்தி வாங்கிய மார்க்கில் சந்தேகம் வந்தால், யார் பெண், எங்கே படித்தாள் என்று பார்க்காதீர்கள். புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்து எதிரே உட்கார வையுங்கள். நாற்பது நிமிஷம்தான் ஆகும். அன்றைக்கு லிஸ்ட் போக வேண்டியது ஐந்து மணிக்கு. நான் மூன்றரைக்கே எல்லாவற்றையும் முடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன்.